இடது கெண்டைக்கால்

இரவு முழுக்கக் குளக்கரையில் குந்தியிருந்தோம்.
மேகம் இறங்கிவந்து
எங்களோடு உட்கார்ந்துகொண்டது.
கௌகா மலையில் அது புதிதல்ல.
எர்மோஹெனஸ் கோக்கா இலையை மென்றபடி
கோல்களின் மேல் சாராயம் ஊதினார்.
எழுபது கோல்கள்,
எல்லாம் வைரம் பாய்ந்த சோந்தாப் பனை,
தலையில் பச்சை ரிப்பன், சிவப்பு ரிப்பன்.
எங்கள் காவல்படைக்கு ஆயுதம் அவ்வளவுதான்.

கோபமிருந்தால் தண்ணீரில் விட்டுவிட்டு வா என்றார்கள்.
விட்டேன் என்று சொன்னேன்.
பாதிதான் விட்டேன்.

வலப்பக்கம் துடித்தால் போகலாம்,
இடப்பக்கம் துடித்தால் ஆகாது.
விடியுமுன் எர்மோஹெனசுக்கு
இடது கெண்டைக்கால் துடித்தது.
மறைத்திருக்கலாம் மனிதர்.
சொல்லிவிட்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ரோஸ்மீரா மட்டும் ரப்பர் பூட்சை இழுத்து மாட்டினாள்.
"பதின்மூன்று வயசு. இதை வீட்டில் விட்டுப் போயிருக்கிறான்,"
இன்ஹேலரைக் காட்டினாள்.
நீலநிறம், மூடி இல்லை.
எழுந்தோம்.

நாலு மணிநேரச் சேறு.
வழியில் என் அண்ணன் ஆர்ஹெமீரோ
குப்புறக் கிடந்த சோளக்கொல்லை.
இரண்டு வருஷமாகிறது.
சுட்டது இதே அணி.
எந்த விரல் என்று மட்டும் தெரியாது.

முகட்டில் பதினொரு துப்பாக்கிகள்.
ஓடினால் சுடுவார்கள்.
நின்றால் பேசுவார்கள்,
பேசிப் பேசியே திருப்பி அனுப்புவார்கள்.
ஆகவே நடந்தோம்,
சந்தைக்குப் போகிற வேகத்தில்,
அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் ஆகும்வரை.

ஒருவன் தரையில் சுட்டான்.
மண் தெறித்து என் வாயில் விழுந்தது.
துப்பவில்லை.
துப்பினால் அது வேறு பேச்சாகிவிடும்.

முகங்களைப் பார்க்கவில்லை நான்.
விரல்களைப் பார்த்தேன்.
நகம் கடித்த ஒன்று.
அழுக்குத் துணி சுற்றிய ஒன்று.
நடுங்கிக்கொண்டிருந்த ஒன்று.
இதில் எது, இதில் எது.
கோலை இறுக்கினேன்,
குளத்தின் ஈரம் உள்ளங்கையில் கசிந்தது.
கை உயரவில்லை.
அதற்கு மன்னிப்பு என்று
யாரும் பெயர் எழுதிவிட வேண்டாம்.

தலைவன் வயர்லெஸ்ஸில் யாரையோ கேட்டான்.
பதில் வரவில்லை. மழை வந்தது.
ஒரு மணிநேரம் எல்லோரும் நனைந்தோம்,
அவர்களும்தான்.
வெல்லத் தண்ணீர்ப் பாத்திரம் கைமாறிச் சுற்றி வந்தது.
பழக்கதோஷம்,
எதிரே நின்றவனுக்கும் ஒருத்தி நீட்டிவிட்டாள்.
கொதிக்கும் கோப்பை, இரண்டு கையும் வேண்டும்.
துப்பாக்கியைத் தோளில் மாட்டினால்தான் வாங்கமுடியும்.
அவன் எங்களைப் பார்த்தான்,
தலைவனைப் பார்த்தான்,
ஆவியைப் பார்த்தான்.
மாட்டினான்.

ரோஸ்மீரா அப்போதுதான் வாய் திறந்தாள்:
"ராத்திரி என் பிள்ளைக்கு மூச்சு முட்டினால்
இதை எப்படி ஊதுவதென்று
உங்களில் யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியவில்லை.
தலைவனுக்கும் தெரியவில்லை,
அது அவன் முகத்தில் தெரிந்தது.
மரங்களுக்குள்ளிருந்து எய்தர் வந்தான்,
அவனைவிட நீளமான துப்பாக்கியைக்
குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்திவிட்டு.
பின்னால் இன்னும் இரண்டு பையன்கள்.

யெய்மி வரவில்லை.
பதினாறு வயசு.
"வீட்டைவிட இங்கே பயம் குறைச்சல்," என்றாள்.
அதற்கு எங்களில் எழுபது பேரிடமும் பதில் இல்லை.
கையைப் பிடித்து இழுக்கவில்லை.
வீட்டில் யாரைப் பார்த்துப் பயம் என்று
இறங்கும்போதுதான் கேட்கத் தோன்றியது.

சகுனம் பொய்த்துவிட்டதா என்று
எர்மோஹெனசைக் கேட்டேன்.
"தெரியலை. ராத்திரி முழுக்க ஈரத்தில் குந்தியிருந்தேன்,
வெறும் குரக்களியாகக்கூட இருக்கும்,"
என்று காலைத் தேய்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை யெய்மியின் வீட்டுக்குப் போகிறோம்,
கோல்களோடு.
அதன்பிறகு முகட்டுக்கு.
இன்றிரவு குளக்கரை.
தண்ணீரில் விட
என்னிடம் இன்னும் பாக்கி இருக்கிறது.